முன்னால் நிற்பவரின் தொழில்: எம்.பி. சீனிவாசனும் புதிய இசையும்

2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவன்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியது. வாசித்தது ராயல் ஃபில்ஹார்மானிக் கன்சர்ட் ஆர்கெஸ்ட்ரா. நடத்தியவர் மிக்கெல் டாம்ஸ் என்ற ஆங்கிலேயர். இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 2005இல் வெளியான இளையராஜாவின் ‘திருவாசகம்’ இசைத் தொகுப்புக்கு வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. நடத்தியவர் லாஸ்லோ கோவாச். அதற்கும் முன்பு, 1993இல் அவர் எழுதிய முதல் சிம்பொனியை லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் குழுவை வைத்து நடத்தியவர் ஜான் ஸ்காட். மூன்று முறையும் எழுதியவர் பண்ணைப்புரத்துக்காரர். வாசித்தவர்களும் நடத்தியவர்களும் அயல்நாட்டவர்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தமிழ் மண்ணில் புதிய இசையை எழுதுகிறவர்கள் தோன்றிக்கொண்டே இருக்கிறார்கள். எழுதியதைப் பலர் கூடி நிகழ்த்தும்போது முன்னால் நின்று நடத்துவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் இங்கே யார்? சென்னையில் 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷனும், அதன் கொயரை நெடுங்காலம் நடத்திய ஹேண்டல் மானுவேலும் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் பாடியது பெரும்பாலும் ஐரோப்பாவின் பழைய பெரும்படைப்புகளை. தன் காலத்தில், தன் மொழியில், தன் கண்முன்னே எழுதப்பட்ட இசையை நடத்தியவர் என்று தேடினால் ஒரு பெயர் தனித்து நிற்கிறது: எம்.பி. சீனிவாசன். சிம்பொனிக் குழு எதுவும் அவர் கையில் இல்லை. அவருடைய வாத்தியம் மனிதக் குரல். ஆனாலும் அவருடைய வாழ்க்கையைப் படித்தால் இந்தத் தொழில் இங்கே எப்படி நடந்தது, எதனால் வேர்பிடிக்கவில்லை என்ற இரண்டும் விளங்கும்.

புதிய இசைக்குத் தனி நடத்துநர் எதற்கு

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை வாசிக்க உட்காரும் குழுவில், நடத்துநர் கையைத் தூக்குவதற்கு முன்பே எல்லோருடைய காதிலும் அந்த இசை இருக்கிறது. இளம்வயதில் கற்றது, நூறு முறை கேட்டது. நேற்று எழுதி முடித்த இசைக்கு அந்த வசதி கிடையாது. எழுதியவரின் மண்டைக்குள் மட்டும்தான் அது ஒலித்திருக்கிறது. நடத்துநர் இரண்டாவது ஆள். தாளிலிருந்து அவர் அதை மனத்துக்குள் கேட்டாக வேண்டும். படியெடுத்ததில் நேர்ந்த பிழைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். வரிக்கு வரி மாறும் தாளக்கணக்கைக் கையசைவில் கொண்டுவர வேண்டும். வாசிக்கவே முடியாத இடங்களை எழுதியவரிடம் சொல்லி மாற்ற வேண்டும். இவ்வளவையும் கொடுக்கப்பட்ட சில மணி நேர ஒத்திகைக்குள் முடித்தாக வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது தனித் தொழிலாகப் பிரிந்தது. 1913 மே 29 அன்று பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ முதல்முறை நிகழ்ந்தபோது அவையில் கூச்சலும் கலவரமும் எழுந்தன. பியர் மாண்டோ நிறுத்தாமல் கடைசிவரை நடத்தி முடித்தார். ஹெர்மன் ஷெர்கென் 1912இல், இருபத்தோரு வயதில், ஷோன்பெர்க்கின் புத்தம்புதிய படைப்பான ‘பியரோ லூனேர்’ பயணக் கச்சேரிகளில் நடத்துநராக அறிமுகமானார். 1929இல் நடத்துதல் பற்றி அவர் எழுதிய கைந்நூல் பின்வந்தவர்களுக்குப் பாடநூலானது. ஷோன்பெர்க் முடிக்காமல் விட்டுச்சென்ற ‘மோசேயும் ஆரோனும்’ ஓபெரா 1954இல் ஹாம்பர்கில் முதன்முதலாக இசைக்கப்பட்டபோது, குறுகிய அவகாசத்தில் பொறுப்பேற்று அதை நடத்தியவர் ஹான்ஸ் ராஸ்பாட்.

இந்தத் தொழில் எல்லோருக்கும் சோறு போட்டதில்லை. நிக்கலாஸ் ஸ்லோனிம்ஸ்கி 1933இல் எட்கர் வரேசின் ‘அயனைசேஷன்’ என்ற முழுத் தாளவாத்தியப் படைப்பை நியூயார்க்கில் அரங்கேற்றினார். அதே ஆண்டு கோடையில் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் அவர் புதிய இசையை நடத்தியதை ரசிகர்கள் ஏற்கவில்லை. நடத்துநராக அவருடைய வாழ்க்கை அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. பிற்காலத்தில் அவர் புகழ்பெற்றது இசை அகராதிகளின் தொகுப்பாளராக.

ராஸ்பாட் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் வானொலி. முதலில் ஃபிராங்ஃபர்ட் வானொலி, பிறகு பாடன்-பாடனில் தென்மேற்கு ஜெர்மன் வானொலியின் ஆர்கெஸ்ட்ரா. டிக்கெட் விற்றாக வேண்டிய கட்டாயம் இல்லாத இடம், மாதச் சம்பளம் வாங்கும் கலைஞர்கள், போதிய ஒத்திகை நேரம் ஆகிய மூன்றும் அவருக்கு அங்கே கிடைத்தன. புதிய இசை நடத்துநரின் திறமையைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்றையும் சேர்த்தே பேச வேண்டும்.

1925இல் பிறந்த இருவர்

புதிய இசையை நடத்தும் தொழிலின் உச்சம் பியர் பூலே. 1925 மார்ச்சில் பிரான்ஸில் பிறந்தவர். அடிப்படையில் இசையமைப்பாளர். புதிய இசையைச் சரியாக நடத்துகிறவர்கள் இல்லை என்ற ஆதங்கத்தில் தானே நடத்த இறங்கியவர். கையில் கோல் பிடிக்காமல் விரல்களாலேயே நடத்துவார். 1954இல் பாரிஸில் ‘டொமேன் ம்யூசிகல்’ என்ற கச்சேரித் தொடரைத் தொடங்கினார். 1971இல் பிபிசி சிம்பொனி, நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இரண்டுக்கும் பொறுப்பேற்றார். பிரெஞ்சு அரசு அவரைத் திரும்ப அழைத்து, 1976இல் ‘ஆன்சாம்பிள் இன்டர்கான்டெம்பொரேன்’ என்ற நிரந்தரக் குழுவையும், 1977இல் ‘இர்காம்’ என்ற ஆய்வுக்கூடத்தையும் அமைத்துக் கொடுத்தது. சமகால இசையை மட்டும் வாசிப்பதற்காக மாதச் சம்பளத்தில் 31 கலைஞர்கள்.

அதே 1925இல், செப்டம்பர் 19 அன்று, சித்தூரில் பிறந்தவர் எம்.பி. சீனிவாசன். குடும்பத்துக்குப் பூர்விகம் மானாமதுரை. பெயரின் முன்னெழுத்து அங்கிருந்து வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த காலத்தில் மாணவர் இயக்கத்தில் சேர்ந்தார், கம்யூனிஸ்ட் கட்சிக்காரரானார். பிறகு தில்லிக்குப் போய் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் நாடாளுமன்ற அலுவலகத்தில் பணிபுரிந்தார். அங்கே ஜாகிதாவை மணந்தார். ஜாகிதா, விடுதலைப் போராட்டத் தலைவர் சைஃபுதீன் கிச்லூவின் மகள். 1919 ஏப்ரலில் கிச்லூவும் சத்யபாலும் கைதானதைக் கண்டித்து அமிர்தசரஸ் கொதித்த நாள்களில்தான் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. மயிலாப்பூரில் வளர்ந்த தமிழ்ப் பிராமணரும் பஞ்சாப் காஷ்மீரி முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணும் ஐம்பதுகளில் செய்துகொண்ட திருமணம் அது.

எம்.பி.எஸ்ஸின் இசைக்கு இந்த அரசியல் பின்னணி முக்கியம். 1943இல் உருவான இந்திய மக்கள் நாடக மன்றம், அதாவது ‘இப்டா’, மேடையில் ஒருவர் பாடக் கூட்டம் கேட்பதற்குப் பதிலாகக் கூட்டமே பாடும் வகையை நாடெங்கும் கொண்டுபோனது. அந்த மரபிலிருந்து வந்த சலீல் சௌத்ரி ஐம்பதுகளின் இறுதியில் பம்பாயில் யூத் கொயர் தொடங்கினார். ரூமா குஹா தாகுர்தா 1958இல் கல்கத்தா யூத் கொயரை அமைத்தார். தெற்கில் அந்தச் சங்கிலியின் கண்ணி எம்.பி.எஸ். எழுபதுகளின் தொடக்கத்தில் ‘மெட்ராஸ் யூத் கொயர்’ பிறந்தது. பாரதியின் பாடல்கள், பல இந்திய மொழிகளின் நாட்டுப்பாடல்கள், தற்காலக் கவிஞர்களின் வரிகள் எல்லாவற்றையும் பல குரல் அடுக்குகளாக அவர் அமைத்தார். ‘சேர்ந்திசை’ என்ற பெயர் தமிழில் நிலைத்தது. சென்னை வானொலியின் சேர்ந்திசைக் குழுவிலும் அவர் பங்கு பெரிது.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்; இருவருமே எழுதியவர்கள், எழுதியதை நடத்தியும் காட்டியவர்கள். பூலே கேட்டபோது அரசு ஒரு குழுவைக் கொடுத்தது. எம்.பி.எஸ். குழுவைத் தானே பிடித்துப் பிடித்துச் சேர்த்தார். பகலில் அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள்தான் அவருடைய பாடகர்கள். பாட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். ஒருவருக்குச் சுருதி நிற்கும், தாளம் நிற்காது. இன்னொருவருக்குக் குரல் இருக்கும், பக்கத்தில் வேறு வரி பாடினால் தன் வரி நழுவிப்போகும். இவர்களைக் கொண்டு இதுவரை யாரும் கேட்டிராத ஓர் இசையைப் பாடவைத்தார் என்பதால் அவருடைய வேலையில் பாதி கற்பித்தல்.

கூட்டுக் குரலின் கணக்கு

நம் சாஸ்திரிய இசை ஒற்றை வரியில் ஓடுவது. பாடகரை வயலின் பின்தொடரும், மிருதங்கம் உடன்வரும். முன்னால் நிற்க ஆள் வேண்டியதில்லை. தொடையில் தட்டும் கை போதும். பஜனை மடத்தில் முன்பாட்டுக்காரர் ஓர் அடி பாட, கூட்டம் அதை வாங்கிப் பாடும். நடத்துநருக்கு மிக அருகில் வருகிறவர் சதிர் மேடையின் நட்டுவனார்: கையில் தாளம், வாயில் சொற்கட்டு, கண் ஆடுகிறவள் மீது, காது பக்கவாத்தியத்தின் மீது. ஆனால் ஒரே நேரத்தில் நான்கு கூட்டம் நான்கு வெவ்வேறு வரிகளைப் பாடுவது இவற்றில் எதிலும் இல்லை. சேர்ந்திசை அமைப்பவர் மூன்று சிக்கல்களைத் தாண்டியாக வேண்டும்.

முதல் சிக்கல் கமகம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அது ஓர் அசைவு. நாற்பது தொண்டைகள் அதை ஒரே அளவில் அசைப்பதே கடினம். அதன்மேல் இன்னொரு கூட்டம் வேறு சுரத்தைப் பிடித்து நின்றால் இரண்டும் உரசும். ஆகவே சுரங்கள் அதிகம் ஆடாமல் நிற்கும் மோகனம், சங்கராபரணம் போன்ற ராகங்களும் நாட்டுப்புற மெட்டுகளும்தான் அடுக்கிசைக்கு இடம் கொடுக்கும். கமகத்தைக் குறைத்தால் ராகத்தின் முகம் மாறிப்போகும் என்று கறாரான கச்சேரி ரசிகர் சொல்வார். அது நியாயமான ஆட்சேபம்தான். இந்த இழப்பை ஏற்றுக்கொண்டு அதற்கு ஈடாக எதைத் தருவது என்பதே சேர்ந்திசை இசையமைப்பாளரின் கலை.

இரண்டாவது சிக்கல் சுருதி. கச்சேரியில் அவரவர் குரலுக்கு ஏற்பச் சுருதி வைத்துக்கொள்கிறோம்: ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டி, பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டி. கொயரில் எல்லோருக்கும் ஒரே ஆதார சட்ஜம். எனவே ஒரே மெட்டை எல்லோரும் பாடினால் யாராவது ஒரு சாரார் கத்தவோ முனகவோ நேரிடும். வரிகளைப் பிரிப்பதற்கு இதுவே இயல்பான காரணமாகிறது. மெட்டு பெண்களிடம் இருக்கும்போது ஆண்கள் கீழே தாங்கல் கொடுப்பார்கள். மெட்டு இறங்கி வரும்போது ஆண்கள் அதை வாங்கிக்கொள்வார்கள்.

மூன்றாவது சிக்கல் சொல். தமிழில் குறிலை நீட்டினால் பொருளே மாறும். கல், கால் ஆகிவிடும். வல்லின ஒற்றை நாற்பது பேரும் ஒரே கணத்தில் அடைக்காவிட்டால் ஒரு சொல் பத்தாகச் சிதறிக் கேட்கும். அடைப்பை அறிவிக்கும் கையசைவு நடத்துநருடையது. இரண்டு கூட்டம் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களைப் பாடினால் கேட்பவருக்கு இரண்டுமே புரியாது. ஆகவே கவிதையைத் தாங்கும் வரியை முன்னுக்குக் கொண்டுவந்து, மற்ற வரிகளை உயிரொலியிலோ முனகலிலோ பின்னுக்கு வைக்க வேண்டியிருக்கும். எந்தச் சொல் எங்கே முன்னால் வர வேண்டும் என்று முடிவெடுக்க இசையறிவு மட்டும் போதாது. கவிதை வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஜெயகாந்தன் காலத்துச் சென்னையில், எழுத்தாளர்களோடு புழங்கிய எம்.பி.எஸ்ஸுக்கு அது கைவந்திருந்தது. 1960இல் நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ படத்தில் ஜெயகாந்தன் எழுதிய பாடலுக்கும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ். அருணாசலம் ஆகியோரின் பாடல்களுக்கும் அவர் போட்ட மெட்டுகளைக் கேட்டால் இது தெரியும். சொல்லை நெருக்காத மெட்டுகள் அவை.

ஸ்டுடியோவும் சங்கமும்

சேர்ந்திசை அவருக்கு வருமானம் தரவில்லை. வீட்டை ஓட்டியது சினிமா, அதிலும் பெரும்பாலும் மலையாள சினிமா. 1961 நவம்பரில் ‘கால்பாடுகள்’ படத்துக்காக யேசுதாஸின் முதல் பாடலைப் பதிவுசெய்தவர் எம்.பி.எஸ். பாடல், ஸ்ரீநாராயண குருவின் சுலோகம். அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’, கே.ஜி. ஜார்ஜின் ‘யவனிகா’ ஆகியவற்றின் இசையும் அவருடையதே. கேரள அரசின் சிறந்த இசையமைப்பாளர் விருதைப் பலமுறை பெற்றார். தமிழ் சினிமா அவரை அந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்கள் ஐம்பதுகள் முதல் தொண்ணூறுகள் வரை ஒருவகையில் உலகின் மிகச் சுறுசுறுப்பான புதிய இசைக் கூடங்கள். காலையில் எழுதிய தாள் மத்தியானம் வயலின்காரரின் ஸ்டாண்டில் இருக்கும். சாயங்காலம் பாட்டு பதிவாகியிருக்கும். முன்பின் கேட்டிராத இசையைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் பெரும் கூட்டம் அங்கே இருந்தது. அவர்கள் முன்னால் நின்று எண்ணிக்கை கொடுத்து நடத்தியவர்களும் இருந்தார்கள். எம்.எஸ். விஸ்வநாதனிடம் உதவியாளர்களாக இருந்த ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்றவர்களை ரசிகர்கள் பெயரளவிலாவது அறிவார்கள். மற்றவர்களின் பெயர் இசைத்தட்டு உறையில்கூட வந்ததில்லை.

புதிய இசை நடத்துநருக்கு வேண்டிய திறமைகள் எல்லாம் அந்தக் கூடங்களில் இருந்தன. இல்லாதவை இரண்டு. ஒன்று, இரண்டாம் நிகழ்ச்சி. பதிவு முடிந்ததும் தாளின் ஆயுளும் முடிந்தது. அதே இசையை வேறொரு குழு, வேறொரு நடத்துநர், வேறொரு புரிதலோடு நிகழ்த்த வாய்ப்பே இல்லை. மற்றொன்று, பொதுவெளி. ஒலிவாங்கியின் முன் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒரு தொழில் மரபாக மாற வேண்டுமானால் அதைப் பார்த்து ஆசைப்படும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வேண்டும்.

எம்.பி.எஸ். இரண்டு பக்கமும் நின்றவர். ஸ்டுடியோக் கலைஞர்களுக்கு ஊதியமோ பணிநேரமோ வரையறுக்கப்படாத காலத்தில், திரை இசைக் கலைஞர்களின் சங்கத்தை உருவாக்க முன்நின்றார். நிமாய் கோஷோடு சேர்ந்து தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் அமைப்புகளைக் கட்டியதிலும் அவருக்குப் பங்குண்டு. சங்க வேலையையும் சேர்ந்திசையையும் அவருடைய வாழ்க்கையின் தனித்தனி அத்தியாயங்களாக எழுதுவது வழக்கம். நான் அப்படிப் பார்க்கவில்லை. குழுவாக வாசிக்கிறவர்களுக்கு நிலையான வருமானமும் ஒத்திகை நேரமும் இல்லாமல் குழு இசை வளராது என்பதை நடைமுறையில் உணர்ந்த நடத்துநர் அவர். ராஸ்பாட்டுக்கு வானொலி கொடுத்ததையும் பூலேவுக்கு அரசு கொடுத்ததையும் அவர் தொழிற்சங்கத்தின் வழியே பெறப் பார்த்தார்.

நம் வானொலிக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. 1952இல் தில்லியில் ரவிசங்கரைக் கொண்டு அகில இந்திய வானொலி ‘வாத்ய விருந்தா’வைத் தொடங்கியது, தமிழகத்தின் டி.கே. ஜெயராம ஐயரும் அதில் நடத்துநர். பிறகு ஈமனி சங்கர சாஸ்திரி வந்தார். அங்கே சில நல்ல படைப்புகள் பிறந்தன. ஆனால் வெளியிலிருக்கும் இளம் இசையமைப்பாளர்களிடம் ஆண்டுதோறும் புதிய படைப்பைக் கேட்டு வாங்கி அரங்கேற்றும் நிறுவனமாக அது வளரவில்லை. இன்றும் இந்தியாவில் நிரந்தரமான தொழில்முறை சிம்பொனிக் குழு என்று சொல்லத்தக்கது மும்பை என்சிபிஏவில் 2006இல் தொடங்கிய ‘சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா’ ஒன்றுதான். அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்கள் கணிசமாக இருக்கிறார்கள். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி வாசிக்கத் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்கிவருகிறது. அவர்களுக்கு நிரந்தரமான வேலையிடம் சினிமாவைத் தவிர வேறில்லை.

உப்பளக் கடற்கரையிலிருந்து பார்த்தால்

இதெல்லாம் பெருநகரத்து விவகாரம் என்று தோன்றலாம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகும் வழியில் மரக்காணத்தில் நின்று பார்த்தால் கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. சாலையை ஒட்டிப் பாத்தி பாத்தியாக உப்பளம். அருகில் கழுவேலி ஏரி. கிழக்கே மீனவக் குப்பங்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் உப்பு மண் இது.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நூலைப் பாடிய நத்தத்தனாரின் ஊரான இடைக்கழிநாடு இன்றும் இதற்கு வடக்கே அதே பெயரில் இருக்கிறது. பாடப்பட்டவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். 269 அடிகள் கொண்ட அந்த நூலில் உப்பு வணிகரான உமணரும் வருகிறார்கள். அவர்கள் வளர்த்த மந்தி, முத்து உள்ளே கிடக்கும் சிப்பியைக் கிலுகிலுப்பையாக வைத்து உமணரின் பிள்ளைகளோடு விளையாடுகிறது. இலக்கியமாகப் படித்தால் அழகு. இசைக் கலைஞரின் தொழில் வரலாறாகப் படித்தால் வேறொன்றும் தெரிகிறது: பசித்த பாணனுக்கு, பரிசு பெற்ற இன்னொரு பாணன் சொல்லும் வழி அது. எந்த ஊர் வழியாகப் போவது, எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும், யார் கொடுப்பார். ஆதரிப்பவரைப் பற்றிய தகவலும் இசைத் தொழிலின் ஒரு பகுதி என்பதை சங்க காலத் தமிழர் உணர்ந்திருந்தார்கள்.

உப்பும் கூட்டுப் பாட்டும் தமிழ் வரலாற்றில் ஒரு முறை வெளிப்படையாகவே சேர்ந்தன. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்குப் புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகப் படைக்காக நாமக்கல் கவிஞர் ஒரு வழிநடைப் பாடல் எழுதினார். பதினைந்து நாள் நடந்தவர்கள் பாடிய பாட்டு அது. அங்கே மேடை இல்லை, ரசிகர் இல்லை, நடந்தவர்களே பாடகர்கள். எம்.பி.எஸ்ஸின் சேர்ந்திசைக்குத் தமிழகத்திலேயே முன்னோடி தேட வேண்டுமானால் சபா மேடைகளை விட்டுவிட்டு இந்த நடைப்பாட்டைத்தான் காட்ட வேண்டும்.

இந்தக் கடற்கரையை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தாக்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 2005 டிசம்பர் 26 அன்று, சுபின் மேத்தா பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ராவுடன் சென்னை மியூசிக் அகாடமியில் நினைவுக் கச்சேரி நடத்தினார். பம்பாயில் பிறந்து, வியன்னாவில் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் பயின்று, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், இஸ்ரேல் ஃபில்ஹார்மானிக் குழுக்களை வழிநடத்தியவர். ரவிசங்கரின் இரண்டாவது சிதார் கன்செர்ட்டோவான ‘ராக மாலா’வை 1981இல் நியூயார்க்கில் அரங்கேற்றியவரும் அவரே. அந்த அஞ்சலி மனப்பூர்வமானது, ஐயமில்லை. ஆனாலும் அலை அடித்த ஊர்க்காரர்கள் அதில் பாடவில்லை. துக்கப்பட்டவர்களே சேர்ந்து பாடும் இசை வேறு வகை. அதைக் கற்பிக்க வேறு வகை நடத்துநர் வேண்டும்.

எம்.பி.எஸ். அந்த வகை. அவருடைய கடைசிப் பயணம் அதற்குச் சாட்சி. சேர்ந்திசைப் பயிற்சிக்காக லட்சத்தீவுக்குப் போயிருந்தபோது, 1988 மார்ச் 9 அன்று, அங்கேயே காலமானார். வயது 62. அந்த வயதிலும் அவர் பவளத் தீவுகளில் பாடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் தொடங்கிய கொயரை மாணவர்கள் சென்னையில் தொடர்ந்தார்கள். திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு யூத் கொயர் இயங்குகிறது.

செய்யக்கூடியது

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தமிழகத்தில் புதிய இசை நடத்துநர் உருவாகாததற்குத் திறமைப் பற்றாக்குறை காரணம் அல்ல. இசையை எழுதுகிறவரைப் போற்றுகிறோம், பாடுகிறவரைப் போற்றுகிறோம். பலரை ஒன்றுசேர்த்து ஒத்திகை பார்க்கும் வேலைக்கு மட்டும் சம்பளம், பதவி, பாடத்திட்டம் மூன்றையும் நாம் உருவாக்கவில்லை. எம்.பி.எஸ். தன் சினிமா வருமானத்தையும் தன் ஓய்வு நேரத்தையும் போட்டு அந்த இடத்தை நிரப்பினார். ஒருவரின் தியாகத்தில் ஓடும் தொழில் அவரோடு மெலிந்துபோகும்.

இதை மாற்றக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. மாவட்டங்களில் அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம் என்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சேர்ந்திசை நடத்துதலுக்கு ஒரு பணியிடத்தைச் சேர்ப்பது ஓர் அரசாணையின் வேலை. தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் அதற்கு ஒரு பட்டயப் படிப்பைத் தொடங்கலாம். எம்.பி.எஸ். அமைத்த பாடல்களைச் சுரத்தாளோடும் குரல் பிரிவுகளோடும் பதிப்பித்துப் பாடநூலாக்கலாம். ஆண்டுக்கு நான்கைந்து இளம் இசையமைப்பாளர்களுக்குச் சன்மானம் கொடுத்துப் பள்ளிக் கொயர்களுக்குப் புதிய பாடல்களை எழுதச் சொல்லலாம். எழுதிய பாட்டு ஒரு மேடையோடு நின்றுவிடாமல் ஊர் ஊராகத் திரும்பத் திரும்பப் பாடப்படும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் மரக்காணத்தைச் சொல்வேன். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். மழைக்கால மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தொடங்கியது 2022இல். தொழிலாளர்கள் வேலையின்றி இருக்கும் அந்த நாள்களில்தான் சென்னையில் மார்கழிக் கச்சேரி சீசன் களைகட்டுகிறது. அந்த சீசனை நடத்தும் சபாக்களில் ஒன்று, விழுப்புரம் அரசு இசைப் பள்ளியோடு சேர்ந்து, பயிற்சி பெற்ற ஒரு நடத்துநரை மரக்காணத்துப் பள்ளிகளுக்கு அந்தச் சில மாதங்கள் அனுப்பட்டும். உப்பளத்துப் பெண்கள் விரும்பினால் அவர்களும் சேரட்டும். ஒரு புதிய தமிழ்ப் பாடலை நான்கு குரலில் அவர்கள் பாடக் கற்றதும், அடுத்த மார்கழியில் அந்தச் சபாவே தன் மேடையில் ஒரு மாலையை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும்.